ஆஸ்பத்திரிக்கு எல்இடி: டியூபை மாற்றவா, ஃபிட்டிங்கை மாற்றவா, சென்சாரும் வைக்கவா?

நூறு படுக்கை ஆஸ்பத்திரி. கட்டிப் பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும். எங்கு பார்த்தாலும் 36 வாட் டியூப்லைட், உள்ளே செம்புச் சோக். எல்இடிக்கு மாற்றக் கொட்டேஷன் கேட்டால் மூன்று விதமாக வரும். முதலாவது, ஃபிட்டிங்கை விட்டுவிட்டு டியூபை மட்டும் எல்இடி டியூபாக மாற்றுவது. இரண்டாவது, ஃபிட்டிங்கையே கழற்றிவிட்டு எல்இடி பேட்டனோ (டியூப்லைட் போல நீளமாக, விளக்கும் ஃபிட்டிங்கும் ஒன்றாக வருவது), ஃபால்ஸ் சீலிங் உள்ள இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி பேனலோ போடுவது. மூன்றாவது, அந்தப் புது ஃபிட்டிங்கோடு டிம்மிங், சென்சார், டாலி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு வயரிங் எல்லாம் சேர்ப்பது.

மூன்று கொட்டேஷனிலும் கடைசிப் பக்கத்தில் 'போட்ட பணம் இத்தனை மாதத்தில் திரும்பும்' என்று ஒரு கட்டம் இருக்கும். மூன்றிலும் அது ஏறக்குறைய உண்மையாகத்தான் இருக்கும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. பழைய சோக் அவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதால், எதைப் போட்டாலும் லாபமாகவே தெரியும். ஒவ்வொன்றையும் பழைய டியூபோடு ஒப்பிடாமல் ஒன்றுக்கொன்று ஒப்பிட வேண்டும். அதையும் கட்டடம் முழுவதற்கும் ஒரே தடவையாகச் செய்யாமல் அறை அறையாகச் செய்ய வேண்டும். நடைபாதைக்குச் சரியான விடை பரிசோதனை அறைக்குத் தவறாகிவிடும்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது என்ற நான்காவது வழி தானாகவே மூடிக்கொண்டு வருகிறது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாடு, நேர்க்குழல் ஃப்ளோரசன்ட் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவெடுத்தது. இந்தியாவும் அதில் ஓர் உறுப்பு நாடு. ஸ்பேர் டியூபை வாங்கி அடுக்கிவைத்து நாளைத் தள்ளுவது இனி அதிக காலம் ஓடாது.

நடைபாதையின் கணக்கு

இருபது ஒற்றை டியூப் ஃபிட்டிங் உள்ள ஒரு நடைபாதையை எடுத்துக்கொள்வோம். டியூப் 36 வாட், சோக்கின் இழப்பு சுமார் 12 வாட், ஆக ஃபிட்டிங்குக்கு 48 வாட். ஆஸ்பத்திரி நடைபாதை இரவு பகலாக எரியும், அதாவது ஆண்டுக்கு 8,760 மணி நேரம். மொத்தம் 8,410 யூனிட் ஆகிறது. 18 வாட் எல்இடி போட்டால் 3,154 யூனிட். மிச்சம் 5,256 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 42,000 ரூபாய். ஏசி உள்ள பகுதியென்றால் விளக்கில் குறையும் ஒவ்வொரு 3 வாட்டுக்கும் கம்ப்ரசரில் சுமார் 1 வாட் கூடுதலாகக் குறையும். அதை இங்கே சேர்க்கவில்லை.

எல்இடி டியூப் 300 ரூபாய், கூலி 100 என்றால் இருபதுக்கு 8,000 ரூபாய். இரண்டேகால் மாதத்தில் திரும்பிவிடும். புது பேட்டன் 500, கூலி 200 என்றால் 14,000 ரூபாய். நான்கு மாதம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்தாலும் கணக்கின் போக்கு இதேதான். இரண்டுக்கும் உள்ள 6,000 ரூபாய் வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. அதற்குக் கிடைப்பது என்ன என்பதுதான் பார்க்க வேண்டியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது வழியில் இதே இருபது ஃபிட்டிங்குக்கு டிம் செய்யும் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி), கட்டுப்பாட்டுப் பெட்டி, கூடுதல் வயர் என்று இன்னொரு 50,000 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை 30 சதவீதத்துக்கு இறக்கினால் ஆண்டுக்கு 736 யூனிட், 5,900 ரூபாய் மிச்சம். அந்த 50,000 திரும்ப எட்டரை ஆண்டு பிடிக்கும்.

இங்கே இன்னொரு கணக்கையும் அருகில் வைக்க வேண்டும். 'ஐம்பதாயிரம் மணி நேர ஆயுள், பதினேழு ஆண்டு கவலையில்லை' என்பது விற்பனையாளர் வாய்ப்பாடு. அது நாளுக்கு எட்டு மணி நேரம் எரியும் அலுவலகத்தின் கணக்கு. 8,760 மணி எரியும் நடைபாதையில் அதே ஐம்பதாயிரம் ஐந்தே முக்கால் ஆண்டில் முடிந்துபோகும். ஆக டிம்மிங்குக்குப் போட்ட பணம் திரும்புவதற்குள் விளக்கே ஆயுளை முடித்திருக்கும்.

அந்த மிச்சத்தைக் கிட்டத்தட்ட முழுமையாகவே மலிவாகப் பெறலாம். மூன்றில் ஒரு ஃபிட்டிங் தனி சர்க்யூட், மற்ற இரண்டும் வேறொரு சர்க்யூட் என்று பிரித்து, இரண்டாவதை ஒரு டைமரும் அது இயக்கும் கான்டாக்டர் என்ற மின்சுவிட்சும் கொண்டு இரவில் அணைத்துவிடுங்கள். இருபதில் பதின்மூன்று அணையும், ஆண்டுக்கு 683 யூனிட் குறையும். வயரிங்கோடு பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தால் இரண்டு ஆண்டுக்குள் பணம் கைக்கு வந்துவிடும். ஒரே குறை, எரியும் விளக்குகளுக்கு நடுவில் நிழல்பட்டைகள் விழும். எரியும் ஒவ்வொன்றும் வார்டு வாசலுக்கும் படிக்கட்டுத் தொடக்கத்துக்கும் நேராக அமையும்படி தேர்ந்தால் அது தொல்லை தராது.

டியூபை மட்டும் மாற்றும்போது கெடுவது எங்கே

எல்இடி டியூப் பழைய டியூபின் வடிவில் இருக்கிறதே தவிர, வேலை செய்யும் விதம் வேறு. பழைய டியூப் சுற்றிலும் ஒளி தரும், எல்இடி டியூப் கீழ்ப்பக்கம் மட்டும். கண்ணாடி போன்ற பிரதிபலிப்பான் உள்ள பழைய ஃபிட்டிங்கில் அந்தப் பிரதிபலிப்பானுக்கு வேலையே இல்லாமல் போகும். நேர் கீழே, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும், சுவரும் கூரையும் இருண்டுபோகும். 'வெளிச்சம் கூடியிருக்கு, ஆனா இடம் மங்கலா இருக்கு' என்று ஊழியர்கள் சொல்வது இதனால்தான்.

வயரிங்கில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதல் தவறு, சோக்கை உள்ளேயே விட்டுவிடுவது. டம்மி ஸ்டார்ட்டர் போட்டால் எரியும், ஆனால் பழைய சோக் தன் பங்கு இழப்பைத் தந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் அது கருகினால் புது டியூப் கெட்டுவிட்டது என்று நினைத்து டியூபைத் தூக்கி எறிவார்கள். இரண்டாவது, பவர் ஃபேக்டருக்காக (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் பயன்படுகிறது என்ற எண்) பழைய ஃபிட்டிங்கில் வைத்த கெப்பாசிட்டரைக் கழற்றாமல் விடுவது. சோக் போன பிறகு அதை ஈடுசெய்ய எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான ஃபிட்டிங்கில் இப்படி நின்றால் பவர் ஃபேக்டர் மறுபக்கம் சாய்ந்து லீடிங் ஆகிவிடும். ஜெனரேட்டரில் ஓடும்போது அதன் வோல்டேஜ் கட்டுப்பாட்டுக்கு அது நல்லதல்ல.

மூன்றாவது உயிரோடு சம்பந்தப்பட்டது. சில எல்இடி டியூப்களுக்கு ஒரே முனையில் ஃபேஸும் நியூட்ரலும் தர வேண்டும், சிலவற்றுக்கு இரு முனையிலும். இருமுனை வகையில் ஒரு முனையைச் செருகிவிட்டு மறு முனையைக் கையில் பிடித்திருப்பவருக்கு ஷாக் அடிக்க வாய்ப்புண்டு. இரண்டு வகையும் ஒரே கட்டடத்தில் கலந்துவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து வரும் எலக்ட்ரீஷியனுக்கு எது எதுவென்று தெரியாது. ஒருமுனை வகை மட்டுமே என்று ஆர்டரில் எழுதுங்கள். 'சோக் நீக்கப்பட்டது, எல்இடி டியூப் மட்டும் போடவும்' என்று ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குள்ளும் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். பதினைந்து ஆண்டு வெயில் காய்ந்ததுபோல் நொறுங்கும் லாம்ப் ஹோல்டர் உள்ள ஃபிட்டிங்கில் இந்த வேலையே வேண்டாம்.

மேலே சொன்ன 6,000 ரூபாய் இதற்குத்தான் போகிறது. புது பேட்டன் போட்டால் இந்த மூன்று தவறுக்கும் இடமே இல்லை. பழைய ஃபிட்டிங் நல்ல நிலையில் இருக்கும் ஸ்டோர், ஆவண அறை, பம்பு அறை, பார்க்கிங் போன்ற இடங்களுக்கு டியூப் மாற்று போதும். நோயாளிகள் நடமாடும் எந்த இடத்திலும் ஃபிட்டிங்கையே மாற்றுவதுதான் என் தேர்வு.

வார்டு: படுத்திருப்பவர் பார்வையில்

ஐரோப்பியத் தரம் இஎன் 12464-1 வார்டின் பொது வெளிச்சத்துக்குக் கேட்பது 100 லக்ஸ்தான். படிக்க 300, படுக்கையிலேயே எளிய பரிசோதனைக்கு 300, சிகிச்சைக்கும் நுணுக்கப் பரிசோதனைக்கும் 1,000, இரவுக் கண்காணிப்புக்கு 5. ஒரே விளக்கால் 5லிருந்து 1,000 வரை தர முடியாது. கூரையில் பேனலாக அடுக்கி வார்டு முழுவதையும் 400 லக்ஸுக்கு ஏற்றும் கொட்டேஷன் அடிக்கடி வரும். அது பகலுக்கு அதிகம், சிகிச்சைக்குப் போதாது, இரவில் அணைத்தே தீர வேண்டும். வாட் குறைந்த விளக்கு என்றாலும் அது வீண்தான்.

கண்கூச்சத்தை அளக்கும் யுஜிஆர் எண் 19க்குள் இருக்கிறது என்று பேனல் விற்பவர் காட்டுவார். அந்த எண் உட்கார்ந்து நேரே பார்ப்பவருக்காகக் கணக்கிடப்படுவது. மல்லாந்து படுத்திருப்பவருக்கு அது பொருந்தாது. அவர் நாள் முழுவதும் பார்ப்பது கூரையைத்தான். படுக்கைக்கு நேர் மேலே பேனல் வைக்காதீர்கள். ஸ்ட்ரெச்சர் போகும் நடைபாதையிலும் நட்ட நடுவில் வரிசையாக வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் தள்ளிக்கொண்டு போகும்போது ஒவ்வொன்றும் முகத்தில் மின்னிக்கொண்டே வரும்.

நம் பொது வார்டுகளில் இன்னொன்றும் உண்டு, வெளிநாட்டுக் கையேடுகளில் இது இருக்காது. சீலிங் ஃபேன். ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் அறை முழுவதும் நிழல் வெட்டிவெட்டி ஓடும். தலைவலி உள்ளவருக்கு அதைவிடக் கொடுமை இல்லை. ஃபேன் மட்டத்துக்குக் கீழே சுவரில் வைக்கும் விளக்கே இங்கு சிறந்தது. படுக்கைத் தலைமாட்டில் ஒன்றரை மீட்டருக்கும் மேலே நீளமாக ஒரு ஃபிட்டிங் வைத்து, மேல்நோக்கிய ஒளி பொது வெளிச்சத்துக்கும் கீழ்நோக்கிய ஒளி படிக்கவும் பரிசோதிக்கவும் என இரண்டு சுவிட்சாகப் பிரிக்கலாம். மேல்நோக்கிய ஒளி கூரையில் பட்டுத் திரும்ப வேண்டும், ஆகவே கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். ஒட்டடையும் தூசியும் படிந்தால் லக்ஸ் சட்டென்று இறங்கும், சுத்தம் செய்யும் அட்டவணையில் அந்த ஃபிட்டிங்கின் மேல்பக்கத்தையும் சேர்க்க வேண்டும். 1,000 லக்ஸுக்கு நகர்த்தக்கூடிய பரிசோதனை விளக்கு ஒன்று, பத்துப் படுக்கைக்கு இரண்டு போதும்.

இரவுக்கு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள் 2,700 கெல்வினுக்குள் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) மஞ்சள் சாய்ந்த ஒன்று இரண்டு வாட் விளக்கு, படுக்கையிலிருந்து கழிவறை வரை வழி தெரிகிற மாதிரி. செலவு மிகக் குறைவு. வழுக்கி விழுவதைத் தடுப்பதில் கூரையிலுள்ள எந்த சென்சாரும் இதற்கு இணையாகாது.

நேரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் விளக்குகளை 'உடல் கடிகாரத்துக்கு நல்லது' என்று விற்கிறார்கள். 2022இல் பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று பகலில் கண் மட்டத்தில் 250, தூக்கத்துக்கு முந்தைய மூன்று மணி நேரம் 10, தூக்கத்தில் 1 என்று, உடல் கடிகாரத்தைத் தூண்டும் ஒளியை மட்டும் எண்ணும் மெலனோபிக் லக்ஸ் கணக்கில் பரிந்துரைத்தது. சாதாரண 4,000 கெல்வின் எல்இடியில் அந்த 250க்குக் கண்ணுக்கு நேராகச் செங்குத்தாக ஏறக்குறைய 400 லக்ஸ் வேண்டும். 100 லக்ஸ் வார்டில் நிறத்தை மட்டும் மாற்றினால் அந்த இலக்கை எட்டவே முடியாது. ஜன்னலோரம் திரைச்சீலையை விலக்குவதும் இரவில் உண்மையாகவே இருட்டாக்குவதும் அதைவிடப் பயன் தரும். ஜன்னலே இல்லாத ஐசியூவுக்கு மட்டும், போதிய லக்ஸோடு சேர்த்துத் திட்டமிட்டால், அந்தச் செலவை யோசிக்கலாம்.

பரிசோதனை அறை: இங்கே வாட்டைப் பார்க்காதீர்கள்

உதடு நீலம் பாய்கிறதா, கண்ணில் மஞ்சள் இருக்கிறதா, கொப்புளம் எந்தச் சிவப்பில் இருக்கிறது. மருத்துவரும் நர்ஸும் நிறத்தைப் பார்த்தே பாதி முடிவை எடுக்கிறார்கள். மலிவு எல்இடி நீலத்தையும் மஞ்சளையும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது, சிவப்பு அதில் குறைவு. அந்த ஒளியில் ரத்தத்தின் சிவப்பு மங்கி, நன்றாக இருப்பவர் நீலம் பாய்ந்தவர்போலத் தோன்றலாம், இல்லாவிட்டால் நீலம் பாய்ந்தது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இதற்கென்றே ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் மருத்துவமனை விளக்குத் தரம் ஏஎஸ்/என்இசட்எஸ் 1680.2.5 ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. நீலம்பாய்தலைக் காணும் குறியீடு, சுருக்கமாக சிஓஐ. அது 3.3ஐத் தாண்டக்கூடாது, ஒளியின் நிறவெப்பம் 3,300 முதல் 5,300 கெல்வினுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கடைகளில் அதிகம் விற்கும் 6,500 கெல்வின் 'கூல் டே லைட்' இந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

எனவே பரிசோதனை அறை, அவசர சிகிச்சை, ஐசியூ, பிரசவ அறை, பச்சிளங்குழந்தைப் பிரிவு இவற்றுக்கு 4,000 கெல்வின், நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்று சொல்லும் சிஆர்ஐ எண் 90க்குக் குறையாமல், சிவப்பைக் காட்டும் ஆர்9 எண் 50க்கு மேல் என்று கேளுங்கள். சிஆர்ஐ 80 பேனலில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், சிஆர்ஐயை மட்டும் பார்த்தால் அது தெரியாது. சிஓஐ விவரம் தயாரிப்பாளர் தாளில் இல்லையென்றால், ஐஎஸ் 16106 படியான சோதனை அறிக்கையில் உள்ள நிறமாலைத் தரவைக் கேட்டு வாங்கினால் ஆலோசகரே கணக்கிட முடியும்.

இதற்கான விலை? சிஆர்ஐ 90 என்றால் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி சுமார் பத்து சதவீதம் குறையும். பத்து அறை, அறைக்கு இரண்டு பேனல், 36 வாட்டுக்குப் பதில் 40 வாட், நாளுக்கு 10 மணி, ஆண்டுக்கு 300 நாள். ஆண்டுக்கு 240 யூனிட், 1,920 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவரிடம் வேறென்ன சொல்வது. அறைச் சுவருக்குப் பச்சையோ இளநீலமோ இளமஞ்சளோ அடித்தால் இவ்வளவு செலவும் பாழ். சுவர்நிறம் தோலில் தெறிக்கும். வெள்ளைக்குச் சற்று இந்தப் பக்கம் இருக்கும் நடுநிலை நிறமே சரி.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் மட்டும் டிம்மிங் சொகுசல்ல, தேவை. அங்கு பொது வெளிச்சம் 10 முதல் 600 லக்ஸ் வரை கூட்டிக் குறைக்க முடிய வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட பரிந்துரை. மூன்றாவது வழிக்குச் செலவிடும் பணத்தை இங்கே செலவிடுங்கள்.

ஆபரேஷன் தியேட்டரும் ஸ்கேன் அறையும்

அறுவை விளக்கை இந்த ஒப்பந்தத்தில் சேர்க்கவே கூடாது. அது மருத்துவக் கருவி. ஐஇசி 60601-2-41 தரம் அதற்கு 40,000 முதல் 1,60,000 லக்ஸ் வரை கேட்கிறது, வெப்பத்துக்கும் எல்லை வைக்கிறது. மின்தடை வந்தால் அரை நொடிக்குள் மாற்று மின்சாரம் வர வேண்டும் என்பது ஐஇசி 60364-7-710 விதி. ஜெனரேட்டரை நம்பினால் அது நடக்காது, பேட்டரி வேண்டும். தியேட்டரின் பொது விளக்கு 1,000 லக்ஸ், சிஆர்ஐ 90, கூரையோடு சமமாகப் பதிந்து கேஸ்கட் போட்டு அடைத்தது, நடுவில் லாமினார் காற்று (சீராக இறங்கும் சுத்தமான காற்று) வரும் பகுதியை விட்டு ஓரத்தில்.

எம்ஆர்ஐ அறையில் சாதாரண எல்இடி பேனல் வைத்தால் அதன் டிரைவர் எழுப்பும் ரேடியோ இரைச்சல் படத்தில் கோடுகளாக வரும். இரும்பு உடல் ஆகவே ஆகாது. அலுமினிய உடல், டிசியில் எரியும் விளக்கு, டிரைவர் கவச அறைக்கு வெளியே, வயர் ஃபில்டர் வழியாக உள்ளே. எம்ஆர்ஐ தயாரிப்பாளர் கையேட்டில் இல்லாத விளக்கை அங்கே மாட்ட விடாதீர்கள்.

சென்சார் எங்கே லாபம்

நாளுக்கு ஒரு மணி நேரம் எரியும் லினன் அறையில் சென்சார் வைத்து மிச்சமாக அங்கே எதுவும் இல்லை. கதவோடு இயங்கும் சாதாரண சுவிட்ச் போதும். நோயாளிகளின் கழிவறையில் சென்சார் ஆபத்தானது. உடல் வெப்ப அசைவைப் பார்க்கும் வகை, அசையாமல் உட்கார்ந்திருப்பவரை ஆளில்லை என்று நினைத்து இருட்டாக்கும். மைக்ரோவேவ் வகை மெல்லிய தடுப்பைத் தாண்டி வெளியே நடப்பவரையும் பார்த்து எரிந்துகொண்டே இருக்கும். அங்கு ஒரு சிறு விளக்கு எப்போதும் எரியட்டும், சென்சார் இரண்டாவது விளக்குக்கு மட்டும், இருபது நிமிடத் தாமதத்தோடு.

உண்மையில் லாபம் தருவது வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடம்தான். பெரிய ஜன்னல், பகல் முழுவதும் எரியும் விளக்கு. நாற்பது பேனலில் ஜன்னல் பக்கம் உள்ள பதினாறைத் தனி சர்க்யூட்டாக்கி ஒரு ஒளி சென்சார் வைத்தால், 36 வாட் வீதம் நாளுக்கு ஆறு மணி, 300 நாளில் 1,037 யூனிட் குறையும். 8,300 ரூபாய். சென்சாரும் கான்டாக்டரும் ஒரே ஆண்டில் தம் விலையைக் கொடுத்துவிடும். இங்கே நுட்பம் வயரிங்கில்தான். வரிசை ஜன்னலுக்கு இணையாகப் போக வேண்டும். பழைய கட்டடங்களில் அது குறுக்கே போவதுதான் வழக்கம், எந்த சுவிட்சை அணைத்தாலும் உள்பக்கமும் சேர்ந்து இருண்டுவிடும்.

ஆர்டரில் எழுத வேண்டியவை

டிரைவர்தான் முதலில் சாகும், எல்இடி அல்ல. அதனுள் இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகும். மேல்தளத்து ஃபால்ஸ் சீலிங்குக்குள் சித்திரை மாதம் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டிரைவரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பேனலையே வாங்கி, அதே மாடல் டிரைவர் ஐந்து சதவீதம் ஸ்பேராகக் கேளுங்கள். டிரைவரில் பிஐஎஸ் பதிவு எண், பவர் ஃபேக்டர் 0.95, ஹார்மானிக்ஸ் (மின்னோட்டச் சிதைவு) 10 சதவீதத்துக்குள், சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) தாங்கும் அளவு எழுதியிருக்கிறதா பாருங்கள். நியூட்ரல் லூசானால் வரும் 440 வோல்ட்டைத் தாங்கும் டிரைவரும் கிடைக்கிறது, நம் ஊர் நிலைமைக்கு அது அவசியம்.

ஜெனரேட்டர் மாறும் நொடியில் மொத்த வார்டும் இருண்டு எம்சிபி விழுந்திருந்தால், எல்லா டிரைவரும் ஒரே நேரத்தில் இழுத்த தொடக்க மின்னோட்டம்தான் காரணம். ஒரு எம்சிபிக்கு எத்தனை டிரைவர் என்ற அட்டவணையைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள். வாட்டைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். பி வகைக்குப் பதில், தொடக்க மின்னோட்டத்தை அதிகம் தாங்கும் சி வகை எம்சிபி போடுங்கள்.

மொத்தமாக வாங்குமுன் ஒரு வார்டில் மட்டும் மாட்டி ஒரு வாரம் விடுங்கள். மொபைல் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பாருங்கள். பட்டைகள் ஓடினால் டிரைவரில் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு உண்டு, அந்த மாடலை ஒதுக்குங்கள். இரவில் ஜன்னல் வெளிச்சம் கலக்காத நேரத்தில் படுக்கை மட்டத்தில் லக்ஸ் அளந்து, தூசிக்கும் தேய்வுக்கும் சேர்த்து 0.8ஆல் பெருக்கிப் பாருங்கள். படிக்கும் விளக்கைப் போட்டிருக்கும்போது, பெருக்கிய பிறகும் 300 வேண்டும்.

கழற்றிய பழைய டியூப்களில் பாதரசம் இருக்கிறது. கொல்லைப்புறத்தில் குவித்து உடைக்க விடாமல், புது டியூப் வந்த அட்டைப்பெட்டியிலேயே அடுக்கி, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீது வந்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.